நாரோபோட்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு: முதல் முறை படகு எடுப்பவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் ஊருக்குள் வாடகைக் கால்வாய்ப் படகோடு நுழைந்தபோது மாலை ஆறே முக்கால். படகுகள் கட்டும் குளமான பான்கிராஃப்ட் பேசினில் கட்டுவதற்கு ஓர் இடம்கூடக் காலியில்லை. எதிரே நாடக அரங்கு, புல்வெளி நிறைய ஜனம், ஐஸ்கிரீமோடு நின்று எங்களையே பார்க்கும் குழந்தைகள். எங்கள் படகு ஐம்பத்தேழு அடி நீளம். நேரே போனால் ஏவன் ஆறு. அதில் இறங்க எங்களுக்கு அனுமதி இல்லை. அந்தச் சின்னக் குளத்துக்குள்ளேயே படகைத் திருப்பி, சற்று முன்புதான் இறங்கி வந்த நான்கு லாக்குகளையும் (படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) திரும்ப ஏறி, வெளிச்சம் போகிற நேரத்தில் ஒரு கரையில் கட்டினோம். சர்க்கரை மாத்திரை போட்டிருந்த அம்மா சாப்பிட்டபோது ஒன்பதரை. எந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தோமோ, அந்த ஊரில் மறுநாள் காலை இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதாகிவிட்டது.

அடுத்த வருடம் அதே வழியில் மறுபடி போனோம். மதியம் ஒரு மணிக்கே பேசினில் கட்டி, இரண்டு இரவு நிம்மதியாகத் தங்கினோம். படகின் நீளமும் அதேதான், ஆட்களும் அதே ஐந்து பேர்தான்: நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அப்பா. முதல் தடவை எங்கே தவறினோம், இரண்டாம் தடவை என்ன மாற்றினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பிரிட்டனில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோருக்கும் உதவும்.

1. மைலைக் கணக்கிடாதீர்கள், லாக்கைக் கணக்கிடுங்கள்

நாரோபோட் என்பது ஏழடிக்கும் குறைவான அகலமும் எழுபதடி வரை நீளமும் உள்ள இரும்புப் படகு. உள்ளே சமையலறை, படுக்கை, குளியல், கழிப்பறை எல்லாம் இருக்கும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறைக்க வேண்டும். நடப்பவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், அதுதான் இந்தப் பயணத்தின் சுகமே.

நிலம் சரிகிற இடங்களில் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிதான் லாக். இரண்டு பக்கமும் மரக்கதவு. கதவைத் திறப்பது, தண்ணீரை விடுவது, படகை உள்ளே விடுவது, மூடுவது எல்லாம் நம் வேலை. புதியவர்களுக்கு ஒரு லாக்குக்குப் பதினைந்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படகு எடுத்தது வூட்டன் வாவன் என்ற கிராமத்தில், தெற்கு ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில். அங்கிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு ஏறக்குறைய ஆறு மைல். ஆறு மைல்தானே, இரண்டு மணி நேரம் என்று முதல் தடவை நினைத்துவிட்டேன். நடுவில் 17 லாக்குகள். அவற்றில் 11 வில்ம்கோட் என்ற ஊருக்குக் கீழே அடுத்தடுத்து வரும். நடுவில் நின்று இளைப்பாற வாய்ப்பு குறைவு. போக மட்டும் ஆறிலிருந்து ஏழு மணி நேரம், திரும்பவும் அதே அளவு.

எனவே மூன்று இரவு வார இறுதியில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். வாடகை நிறுவனங்கள் பொதுவாக வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவாகவும், திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவாகவும் தருகின்றன. நான்கு இரவை எடுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் வாடகை ஒன்றாகவோ அருகருகிலோதான் இருக்கும். வார நாட்களில் பேசினில் இடம் கிடைப்பதும் சுலபம்.

2. படகைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு பேர் படகு என்று போட்டிருந்தால் அதில் ஆறு நிரந்தரப் படுக்கை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் நான்கு படுக்கை, அப்புறம் சாப்பாட்டு மேசையை இறக்கி இரவில் இருவருக்குப் படுக்கையாக்கும் இன்னொன்று. காலையில் அதைச் சுருட்டினால்தான் சாப்பிட உட்காரலாம். நாங்கள் ஐந்து பேர் ஆறு பேர் படகை எடுத்தோம், சரியாக இருந்தது. ஆறு பேர் போனால் எட்டுப் பேர் படகைப் பாருங்கள்.

பின்தளத்தின் வடிவத்தையும் கேளுங்கள். குரூசர் ஸ்டர்ன் என்றால் பின்னால் அகலமான தளம் இருக்கும். ஓட்டுபவரோடு இன்னும் மூன்று பேர் நிற்கலாம். டிரெடிஷனல் ஸ்டர்ன் என்றால் ஓட்டுபவர் ஒருவருக்கு மட்டுமே இடம், மற்றவர்கள் முன்னால் போய்விட வேண்டும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு முதலாவதுதான் நல்லது. முட்டி வலி உள்ளவர்கள் வருவதாக இருந்தால், உள்ளே இறங்கும் படிகளின் உயரத்தைப் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். சில படகுகளில் அது ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கிறது. அப்பா நான்கு நாளும் முன்பக்கப் படியை மட்டுமே பயன்படுத்தினார்.

பள்ளி விடுமுறையில் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே பதிவு செய்யுங்கள். விடுமுறை நாட்களைத் தவிர்க்க முடிந்தவர்களுக்கு மே மாதமும் செப்டம்பரும் நல்ல காலம்: கூட்டம் குறைவு, பகலும் போதுமான நீளம்.

3. ஆவணங்கள்

நாரோபோட் ஓட்ட பிரிட்டனின் கால்வாய்களில் தனி உரிமம் வேண்டாம். கார் உரிமம்கூட இல்லாதவர் ஓட்டலாம். வாடகை நிறுவனம் கேட்பவை இவை: முன்னின்று எடுப்பவருக்கு வயது வரம்பு (18 அல்லது 21, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்), புகைப்பட அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருகிற எல்லோருடைய பெயரும் வயதும், முன்பணத்துக்கான வங்கி அட்டை. அட்டை, முன்னின்று எடுப்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி பெயரில் பதிவு செய்து, என் அட்டையை நீட்டி, அரை மணி நேரம் போனது.

கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்டு ரிவர் டிரஸ்டின் உரிமம் வாடகைப் படகில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஏவன் ஆறு அவர்களுடையது இல்லை. அது ஏவன் நேவிகேஷன் டிரஸ்டின் பொறுப்பு, தனி உரிமம், தனிக் கட்டணம். பேசினைத் தாண்டி ஆற்றில் இறங்க ஆசை இருந்தால், பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் படகை ஆற்றில் இறக்க அனுமதிப்பீர்களா? ஆற்று உரிமம் வாடகையில் சேருமா, நான் வாங்க வேண்டுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கால்வாய் நின்ற தண்ணீர்; ஆறு இழுக்கும். மழைக்குப் பின் கரையிலுள்ள அளவுப் பலகையில் தண்ணீர் சிவப்புப் பகுதிக்கு வந்துவிட்டால் யாரும் கிளம்பக் கூடாது. அங்கே மாட்டிக்கொண்டால் படகைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் தள்ளிப்போகும்.

நண்பருடைய சொந்தப் படகில் போகிறீர்களா? அதற்கு உரிமமும், காப்பீடும், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வருவதாக இருந்தால், விசா கைக்கு வந்த பிறகு படகுக்கு முழுப் பணம் கட்டுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வருகையாளர் விசா வேண்டும். ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அது 16 பவுண்டாக உயர்ந்தது. இந்தக் கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருப்பவை, விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் பாருங்கள்.

4. செலவு

வாடகைத் தொகை மட்டும் செலவில்லை. எங்கள் இரண்டாம் பயணத்தின் கணக்கைத் தருகிறேன், செப்டம்பர், நான்கு இரவு, ஐந்து பேர்:

படகு வாடகை 1,090 பவுண்டு. சேதத் தள்ளுபடி 60. டீசல் 58. கார் நிறுத்த ஒன்றுமில்லை. கிளம்புமுன் வாங்கிய மளிகை 95. ஊருக்குள் வெளியில் சாப்பிட்டதும் நுழைவுச் சீட்டுகளும் சேர்த்து 210 சொச்சம். மொத்தம் 1,500 பவுண்டைக் கொஞ்சம் தாண்டியது, தலைக்கு ஏறக்குறைய 300.

சேதத் தள்ளுபடி என்றால், அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் சின்னச் சின்ன இடிகளுக்குக் கேட்க மாட்டார்கள். கட்டாவிட்டால் பெரிய முன்பணம் வைக்க வேண்டும். முதல் முறை ஓட்டுபவர் கண்டிப்பாக எங்காவது இடிப்பார், அதனால் கட்டிவிடுங்கள். ஆனால் எதெல்லாம் அதில் சேராது என்று படியுங்கள். தொலைந்த சாமான், அடைத்துக்கொண்ட கழிப்பறை, புரொபெல்லரில் சிக்கிய சொந்தக் கயிறு, இவை பெரும்பாலும் சேராது. முதல் பயணத்தில் என் மகன் லாக் திருகும் இரும்புச் சாவியைத் தண்ணீரில் போட்டுவிட்டான். அதற்கு 15 பவுண்டு பிடித்தார்கள்.

டீசல் விஷயத்தில் மூன்று விதம் உண்டு: வாடகையில் சேர்ந்தது, ஓடிய மணிக்கு இவ்வளவு, முன்பணம் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவது. மணிக்கணக்கு என்றால், கிளம்பும்போது இன்ஜின் மணிக்காட்டியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. கிளம்புமுன் மூட்டை கட்டுவது

மென்மையான பைகளில் கொண்டுபோங்கள். சக்கரப் பெட்டிகளை வைக்க இடமே இல்லை.

படகில் பேட்டரி மின்சாரம். மிக்ஸி, மின்சார அரிசிக் குக்கர், முடி உலர்த்தி எதையும் கொண்டுபோக வேண்டாம், இன்வெர்ட்டர் தாங்காது. கேஸ் அடுப்பு உண்டு, சின்ன பிரஷர் குக்கர் போதும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்து அரைத்த தேங்காய்ப் பொடி என்று வீட்டிலேயே செய்து எடுத்துப் போனோம். தாளிக்கும்போது ஜன்னலையும் முன்கதவையும் திறந்து வையுங்கள். முதல் நாள் அம்மா கடுகும் மிளகாயும் தாளித்த இரண்டாவது நிமிடம் புகை அலாரம் அலறி, எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். அலாரத்தின் பேட்டரியை மட்டும் யாரும் கழற்றாதீர்கள். அருகிலேயே கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கும், அடைத்த படகுக்குள் உயிரைக் காப்பது அதுதான். காற்றுப் போக வைத்திருக்கும் துளைகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைப்பதும் கூடாது.

வழுக்காத காலணி, மழை மேலங்கி, டார்ச், லாக் திருகக் கையுறை. உயிர்காப்பு ஜாக்கெட்டை நிறுவனமே இலவசமாகத் தருகிறது. பிள்ளைகளின் எடையை முன்கூட்டிச் சொன்னால் சரியான அளவு எடுத்து வைப்பார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், கால்வாய் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள். கனால் அண்டு ரிவர் டிரஸ்டின் தளத்தில் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக மூடுவார்கள். கோடையில் தண்ணீர் குறைந்தாலும் மூடுவார்கள்: 2025 கோடை வறட்சியில் பல கால்வாய்கள் மூடப்பட்டன. மூடினால் பணம் திரும்புமா, வேறு இடத்திலிருந்து படகு தருவார்களா என்பது ஒப்பந்தத்தில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும்.

6. படகை வாங்கும் நாள்

வழக்கமாகப் பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் கொடுப்பார்கள். கிடைக்கிற முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ரயிலில் வருபவர்கள் பர்மிங்காம் மூர் ஸ்ட்ரீட்டிலிருந்து வூட்டன் வாவனுக்கு வரலாம். எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்த்து ஏறுங்கள்.

செயல்முறை விளக்கம் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதை அவசரப்படுத்த விடாதீர்கள். எங்களுக்கு முதல் முறை பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், லாக்கைக் காட்டவே இல்லை. இரண்டாம் முறை நான் எழுதி வைத்துக் கேட்டவை: தினமும் காலையில் இன்ஜினில் என்ன பார்க்க வேண்டும், ஸ்டர்ன் கிளாண்டை (புரொபெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுப்பது) எத்தனை திருகு திருக வேண்டும், வீட் ஹேட்ச் எங்கே (புரொபெல்லரில் சிக்கிய துணி, பிளாஸ்டிக்கை எடுக்கும் மூடி இது, இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகே திறக்க வேண்டும்), தண்ணீர்த் தொட்டி எத்தனை நாள் வரும், கழிப்பறை பம்ப்-அவுட்டா கேசட்டா. பம்ப்-அவுட் என்றால் நான்கு நாளைக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கேசட் என்றால் கழிவுப் பெட்டியை அதற்கென உள்ள இடத்தில் நீங்களேதான் கொட்ட வேண்டும், அதையும் பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

சாமான்களை எண்ணிப் பாருங்கள்: லாக் சாவியான விண்ட்லாஸ் இரண்டு, கரையில் அடிக்கும் முளைகள், சுத்தியல், நீளக் கழி, தண்ணீர்க் குழாய் திறக்கும் டிரஸ்ட் சாவி ஒன்று, முன், நடு, பின் கயிறுகள். ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுங்கள்.

ஓட்டுவது சுலபம். திசை திருப்பும் கைப்பிடியான டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். பிரேக் கிடையாது, பின்னோக்கி கியர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், பின்னோக்கிப் போகும்போது டில்லர் சொன்னபடி கேட்காது. இடிக்கப் போகிறது என்று தெரிந்தால் கையையோ காலையோ கொடுத்துத் தடுக்காதீர்கள். படகு பதினைந்து டன்னுக்கு மேல். இடிக்கட்டும்.

7. முதல் மாலை வில்ம்கோட் வரை மட்டும்

ஏறக்குறைய மூன்று மைல். வழியில் எட்ஸ்டன் தொட்டிப்பாலம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும், இங்கே அந்தத் தொட்டிக்குள் நம் படகே போகிறது. 145 மீட்டர் நீளம், இங்கிலாந்திலேயே நீளமான தொட்டிப்பாலம். இரும்புத் தொட்டி படகைவிடக் கொஞ்சம்தான் அகலம். நடைபாதை, தொட்டியின் அடிமட்டத்தில் போவதால் நடப்பவர்களின் தலை நம் முழங்காலுக்குக் கீழே தெரியும். மறுபக்கம் கைப்பிடி கிடையாது; கீழே சாலையும் ரயில் பாதையும் வயலும். பாலத்தைக் கடக்கும்வரை பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள்.

அதைத் தாண்டி ஒரே ஒரு லாக். பழகிக்கொள்ள அருமையான இடம், நிதானமாகச் செய்யுங்கள். வில்ம்கோட்டில் லாக் வரிசைக்கு மேலே கட்டிவிட்டுச் சமையுங்கள். வெளிச்சம் இருக்கிறதே, நான்கைந்து லாக் இறங்கிவிடலாம் என்று தோன்றும். இறங்காதீர்கள். வாடகைப் படகு இருட்டிய பின் ஓடக் கூடாது. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை கட்டிய இடத்தில் இன்ஜினை ஓட்டவும் கூடாது, எனவே போன்களையெல்லாம் அதற்குமுன் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

8. இரண்டாம் நாள் காலை: பதினாறு லாக்

எட்டு மணிக்கு முதல் லாக் வாசலில் நில்லுங்கள். வில்ம்கோட் வரிசை மூன்று, ஐந்து, மூன்று என்று பிரிந்திருக்கும். அப்புறம் பிஷப்டனில் ஒன்று, ஊருக்குள் நான்கு.

ஒருவர் படகில், இருவர் கரையில். மகனோ மகளோ பெரியவராக இருந்தால் சாவியோடு முன்னால் நடந்து அடுத்த லாக்கைத் தயார் செய்யலாம். இறங்கும்போது வரிசை இது: தொட்டி நிரம்பியிருக்கிறதா பார்த்து மேல்கதவைத் திற, படகை உள்ளே விடு, மேல்கதவையும் அதன் தண்ணீர்ப் பலகைகளையும் (தண்ணீர் போகும் துளைகளை மூடுபவை, சாவியால் திருகித் தூக்குவது) மூடு, கீழ்ப்பலகைகளைப் பாதியளவு தூக்கு, படகு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முழுதும் தூக்கு, தண்ணீர் சமமானதும் கீழ்க்கதவைத் திற, வெளியே வா, எல்லாவற்றையும் மூடு. அவசரத்தில் சாவியைத் திருகும் தண்டில் மாட்டியபடி விட்டுவிட்டு நகராதீர்கள். பலகை நழுவினால் அது சுழன்று கையை முறிக்கும்.

இதில் ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேல்கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் திட்டுக்கு சில் என்று பெயர். தொட்டி நிரம்பியிருக்கும்போது அது தெரியாது. கரைக்கல்லில் ஒரு வெள்ளைக்கோடு மட்டும் இருக்கும். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். வரிசையின் இரண்டாவது லாக்கில் நான் மனைவியோடு பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். படகு மெல்லப் பின்னால் வந்திருக்கிறது. தண்ணீர் ஓரடி இறங்கியதும் காலடியில் ஒரு உராய்வுச் சத்தம், முன்பக்கம் மட்டும் இறங்கத் தொடங்கியது. உள்ளே தட்டுகள் சரிந்து விழுந்தன. கரையில் உட்கார்ந்திருந்த அப்பாதான் எழுந்து "மூடு, மூடு!" என்று கத்தினார். மனைவி கீழ்ப்பலகைகளை இறக்கிவிட்டு, ஓடிப்போய் மேல்பலகைகளைத் திறந்தாள். தண்ணீர் ஏறியது, படகு நிமிர்ந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் முன்பக்கம் தண்ணீர் புகுந்து மூழ்கியிருக்கும். அன்றிலிருந்து எங்கள் வழக்கம்: லாக் காலியாகும்வரை யாரும் பேசுவதில்லை, ஒருவர் கண் எப்போதும் வெள்ளைக்கோட்டில், இன்ஜின் லேசாக முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும், கயிற்றைக் கரையில் கட்டுவதே இல்லை. இறங்கும் லாக்கில் கயிற்றைக் கட்டினால் படகு தொங்கிவிடும்.

பாலங்களின் அடியில் படகுக்கு இருபுறமும் ஒரு கை அகலம்தான். குனியுங்கள், பக்கவாட்டில் கைகளை நீட்டாதீர்கள். ஒவ்வொரு பாலத்திலும் ஓர் எண் இருக்கும், தாண்டும்போதெல்லாம் எண்ணைச் சொல்லிக்கொண்டே போங்கள். ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல அதுதான் முகவரி. உயிருக்கு ஆபத்து என்றால் 999. கால்வாய்ச் சிக்கலுக்கு டிரஸ்டின் அவசர எண் 0800 47 999 47. படகு பழுதுக்கு வாடகை நிறுவனத்தின் எண்.

9. பேசினில் கட்டுவது

கடைசி லாக்குக்கு மேலேயே படகை நிறுத்திவிட்டு ஒருவர் நடந்து போய்ப் பேசினைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இடம் இருக்கிறது என்று போனில் சொன்ன பிறகு இறங்குங்கள். முதல் தடவை இந்த ஒன்றைச் செய்திருந்தால் அந்த மாலை எங்களுக்கு அப்படிப் போயிருக்காது.

பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே போனால், முந்தைய இரவு தங்கியவர்கள் கிளம்பியிருப்பார்கள், மாலைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. நாங்கள் போனபோது பலகையில் 48 மணி நேரம் என்று இருந்தது, கட்டணம் இல்லை. உங்கள் சமயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அதற்கு மேல் தங்கினால் பணம் கட்ட வேண்டி வரும். சுற்றுலாப் படகுகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒதுக்கிய இடங்களில் பத்து நிமிடம்கூடக் கட்டக் கூடாது.

வேடிக்கை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், பதற்றம் வேண்டாம். இன்ஜினை மிக மெதுவாக வைத்து, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, முதலில் நடுக்கயிற்றைக் கட்டுங்கள். திரும்பிப் போக வசதியாக அப்போதே படகைத் திருப்பிக் கட்டிவிட்டால், கிளம்பும் காலையில் ஒரு வேலை மிச்சம். இரவு கதவைப் பூட்டுங்கள், கூரைமேல் எதையும் வைக்காதீர்கள். முன்னிரவில் புல்வெளியில் கொஞ்சம் சத்தம் இருக்கும், பதினொன்றுக்கு மேல் அடங்கிவிட்டது.

10. இரண்டு இரவை எப்படிச் செலவிடுவது

ஊர் சின்னது. ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு இருக்கும் ஹென்லி தெருவுக்கு நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். அவர் அடக்கமான ஹோலி டிரினிடி தேவாலயத்துக்கு ஆற்றோரமாகவே நடந்து போகலாம். உள்ளே கல்லறை அருகே செல்லச் சின்னத் தொகை கேட்பார்கள். பெரியவர்களுக்கு இந்த ஆற்றோர நடை மட்டுமே போதும், வழி நெடுகப் பெஞ்சுகள் உண்டு.

ராயல் ஷேக்ஸ்பியர் தியேட்டர் பேசினுக்குப் பக்கத்திலேயே. நாடகம் பார்க்க நினைத்தால், வந்து சேரும் நாளில் எடுக்காமல் மறுநாள் மதியக் காட்சிக்கு முன்பே சீட்டு எடுங்கள். லாக்கில் ஏதாவது தாமதமானாலும் பணம் போகாது.

என் பெற்றோருக்கு மிகவும் பிடித்தது கையால் சுற்றும் சங்கிலிப் படகு. 1937-இல் கட்டியது, ஆற்றின் குறுக்கே போட்ட சங்கிலியைச் சக்கரத்தால் சுற்றியே அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். சில்லறைக் காசுதான் கட்டணம், குளிர்காலத்தில் ஓடாது. அதில் அக்கரை போய், புல்வெளியில் நடந்து, பழைய டிராம்வே பாலம் வழியாகத் திரும்பினால் ஒரு மாலை நிறைந்துவிடும். அம்மா அந்தப் படகில் மூன்று தடவை போய் வந்தார்.

மளிகை, பால், மருந்துக் கடை எல்லாம் நடக்கும் தூரம். குப்பையையும் தண்ணீரையும் அன்றே கவனியுங்கள். வரைபடத்தில் குழாய்ப் படம் போட்ட இடங்களில் டிரஸ்ட் சாவியால் திறந்து பிடித்துக்கொள்ளலாம். தொட்டி நிறைய முக்கால் மணி நேரமாவது ஆகும்.

11. திரும்புதல்

நான்காம் நாள் காலை எட்டரைக்குள் கிளம்புங்கள். இப்போது ஏற வேண்டும். இறங்குவதைவிடச் சற்று நேரம் பிடிக்கும், தண்ணீர் வேகமாக உள்ளே வந்தால் படகு முன்னும் பின்னும் அடிக்கும், பலகைகளை மெதுவாகத் தூக்குங்கள். எதிரே இறங்கி வந்த படகு லாக்கைக் காலியாக விட்டிருந்தால் அதிர்ஷ்டம். எதிரே வருகிறவர்களைப் பார்த்தால் கதவை மூடாமல் அவர்களுக்கு விட்டுவிடுங்கள், இருவருக்கும் நேரமும் தண்ணீரும் மிச்சம். மூன்று மணிக்கு வரிசை முடிந்துவிடும்.

கடைசி இரவை வூட்டன் வாவனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கழியுங்கள். படகை ஒப்படைக்கும் நேரம் பெரும்பாலும் காலை ஒன்பது. தாமதமானால் மணிக்கணக்கில் பிடித்தம் உண்டு. முந்தைய இரவே பெட்டியைக் கட்டி, பாத்திரம் கழுவி, தரையைக் கூட்டி வைத்துவிடுங்கள், துப்புரவுக் கட்டணம் வராது. ஒப்படைக்கும்போது இன்ஜின் மணிக்காட்டியை மறுபடி படமெடுங்கள். விண்ட்லாஸ், முளை, சுத்தியல், சாவி எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி எண்ணிக் காட்டி, முன்பணம் திரும்பும் தேதியை எழுதி வாங்குங்கள். எங்களுக்கு ஒன்பதாவது நாள் வங்கிக்கு வந்தது.